வலது பக்க ரோடு, வலது பக்க ஸ்டியரிங்

பர்மாவில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான், மற்றவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். இங்கே ரோட்டில் வலது பக்கமாகப் போகவேண்டும். ஆனால் எங்கப்பா ஓட்டிய லாரி எல்லாவற்றிலும் ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். வெள்ளைக்காரன் காலத்து வழக்கப்படி இடது பக்கம் போய்க்கொண்டிருந்த நாட்டை 1970 டிசம்பர் 6ஆம் தேதி ஒரே நாளில் வலது பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஜோசியர் சொன்னார் என்பார்கள், கனவில் வந்தது என்பார்கள், எது நிஜமோ. ரோடு மாறியது, வண்டி மாறவில்லை. அப்புறம் வந்தவையும் ஜப்பானில் ஓடிக் களைத்த பழைய வண்டிகள், அவற்றிலும் வலது பக்க ஸ்டியரிங். அதனால் டிரைவர் ரோட்டோரப் பக்கமாக உட்கார்ந்திருப்பார், முன்னால் ஒரு வண்டி போனால் அதற்கு அந்தப்பக்கம் எதிரே என்ன வருகிறது என்று அவர் கண்ணுக்குத் தெரியாது. இடப்பக்க ஜன்னலில் இருக்கும் பையன் தலையை வெளியே நீட்டிப் பார்த்து "யடே, யடே" என்று கத்தவேண்டும், போகலாம் என்று அர்த்தம். "லாடே" என்றால் எதிரே வருது. அந்தப் பையனை பர்மிய மொழியில் நௌக்லைக் என்போம், பின்னாலேயே வருகிறவன், தமிழ்நாட்டில் கிளீனர் என்பீர்கள்.

அப்பா முதலில் அந்த இடப்பக்க ஜன்னலில்தான் உட்கார்ந்தார். பெகு பக்கம் ஒரு வயல்காட்டுக் கிராமத்தில் 1953இல் பிறந்தவர். 1964இல் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் கடையும் போய் நிலமும் போய் மெட்ராசுக்குக் கப்பல் ஏறியபோது அவருக்குப் பதினோரு வயது. தாத்தாவிடம் இழக்க எதுவும் இல்லாததால் அவர் போகவில்லை, இது அப்பாவே சிரித்துக்கொண்டு சொல்வது. 16 வயதில், யுத்தம் முடிந்து விட்டுப்போன ஒரு பழைய செவர்லே லாரியில் நௌக்லைக் ஆனார். ரோடு பக்கம் மாறியபோது அவருக்கு வேலையில் ஒரு வருஷ அனுபவம். "அதுவரைக்கும் நான் மூட்டை எண்றவன், டயர் தட்டிப் பாக்கறவன். அன்னிக்குக் காலையிலிருந்து டிரைவருக்குக் கண்ணு" என்பார்.

1978இலிருந்து ஓட்டினார், 1996இல் சொந்தமாகப் பழைய ஹினோ ஒன்று வாங்கினார், 2015இல் நிறுத்தினார், 2018இல் போய்ச் சேர்ந்தார். நான் மூத்த மகள். பத்து வயதிலிருந்து அவருடைய கணக்கு நோட்டை எழுதியவள், இப்போதும் ரங்கூன் பெயின்னௌங் மொத்த மார்க்கெட்டில் ஒரு பருப்புக் கடையில் கணக்குதான் எழுதுகிறேன். லாரி வைத்துப் பிழைக்கும் வீடுகள் நம்மில் இன்னும் இருக்கின்றன, அவர்களுக்கு ஏதாவது உதவட்டும் என்று எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். நாங்கள் செய்த தப்பும் இதில் இருக்கிறது.

அவருடைய வழக்கமான ஓட்டம் ரங்கூனிலிருந்து மாந்தலே, அங்கிருந்து ஆவா பாலத்தில் ஐராவதியைத் தாண்டி சகாயிங், மோன்யுவா. போகும்போது உப்பு, ஙபி என்கிற மீன் விழுது, கருவாடு, சிமெண்ட். வரும்போது துவரை, கடலை, பாசிப்பயறு. அந்தத் துவரை இங்கிருந்து கப்பலில் இந்தியாவுக்குப் போகும், ஆகவே உங்கள் வீட்டுச் சாம்பாரில் எங்கப்பா இறக்கிய மூட்டை ஒன்றாவது வெந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மூட்டையை இங்கே வீசைக் கணக்கில்தான் பேசுவோம், ஒரு வீசை 1.63 கிலோ, தமிழ்நாட்டில் மறந்துபோன வீசை இங்கே மார்க்கெட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2010இல் மாந்தலேக்குப் புதிய எக்ஸ்பிரஸ் ரோடு திறந்தபோது பஸ்களும் கார்களும் அதில் போயின, லாரிகளை விடவில்லை. ஆகவே அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் பழைய ரோடுதான், பெகு, தௌங்கூ, பியின்மனா, மெய்த்திலா என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு டீக்கடை, அந்தக் கடையில் ஒரு பழைய கடன்.

நௌக்லைக் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அப்பாவைப் பற்றிச் சொல்ல அதைவிடச் சரியான வழி எனக்குத் தெரியவில்லை. மற்ற டிரைவர்கள் அந்தப் பையன்களை ராத்திரி முழுக்க விழிக்கவைத்து, பகலில் மூட்டையும் ஏற்றவைத்து, மிச்ச நேரத்தில் டயருக்கு அடியில் படுக்கவைப்பார்கள். அப்பா வண்டி நின்றதும் முதலில் பையனைத் தூங்கச் சொல்வார். சாப்பாடும் அவனுக்குத்தான் முதலில். அம்மாவுக்கு இது கொஞ்சம் எரிச்சல், சொந்தப் பிள்ளைக்குக் கூட இப்படிப் பார்த்ததில்லை என்பாள். "அவன் தூங்கலன்னா நான் குருடு" என்பதுதான் அவர் பதில்.

அது அனுபவப்பட்டு வந்த பதில். நான் ஹைஸ்கூல் படிக்கும்போது, தௌங்கூவுக்கு வடக்கே, விடியப்போகிற நேரம், முன்னால் மூங்கில் ஏற்றிய ஒரு வண்டி. பையன் கண் அசந்துவிட்டான். அப்பா ஒரு மணி நேரமாக அந்த மூங்கிலையே பார்த்துக்கொண்டு வந்த கடுப்பில், ரோடு காலியாகத்தான் இருக்கும் என்று தானாக ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டார். எதிரே லைன் பஸ். இரண்டு பேரும் பள்ளத்தில் இறங்கியதால் யாருக்கும் உயிர் போகவில்லை, ஆனால் எங்கள் வண்டியின் இடப்பக்கப் பலகை முழுக்கப் போயிற்று, பஸ்ஸுக்கு ஆன செலவையும் சேர்த்து அப்பா கட்டிய பணத்தை நோட்டில் எழுதியது நான்தான், அந்த வருஷம் தீபாவளிக்கு எங்களுக்குப் புதுத்துணி இல்லை. அதற்குப் பிறகு அவர் வைத்த சட்டம், பையன் வாய் திறந்து "யடே" என்று சொன்னால்தான் முந்துவது. அவன் சும்மா இருந்தால் "வருது" என்று அர்த்தம். வேறு எந்த அர்த்தமும் கிடையாது. இப்போது இடது ஸ்டியரிங் வண்டிகள் வந்துவிட்டன, ஆனால் பழைய வண்டிகள் இன்னும் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன, உங்கள் வீட்டில் யாராவது ஓட்டினால் இதை ஒன்றை மட்டுமாவது சொல்லுங்கள்.

கடைசிப் பத்து வருஷம் அவரோடு இருந்தவன் மெய்த்திலாப் பையன். பர்மாக்காரன்தான், ஆனால் வந்த ஒரு வருஷத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று "அம்மா, சோறு போடுங்க, சயா குளிக்கறாரு" என்று தமிழில் கேட்பான். அப்பாவை சயா என்றுதான் கூப்பிடுவான், வாத்தியார் என்று அர்த்தம், இங்கே டிரைவர், மெக்கானிக் எல்லாருமே சயாதான். அம்மாவுக்கு அவன் தம்பி. வருஷாவருஷம் அவனுக்குத் தனியாகக் கொஞ்சம் பணம் எடுத்துவைத்து, அவனை லைசென்ஸ் எடுக்கவைத்து, சமவெளி ரோட்டில் ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்து, தான் இடப்பக்கம் மாறி உட்கார்ந்து, அப்பாவே தலையை நீட்டி "யடே" சொல்வாராம். அவன் சொல்லித்தான் எங்களுக்கு இது தெரியும்.

மலை ரோட்டைப் பற்றி அப்பா சொன்னதில் சிலது எழுதவேண்டும். தர்பூசணி சீசனில் மாந்தலேயிலிருந்து மேமியோ, லாஷியோ வழியாகச் சீன எல்லை மூசே வரைக்கும் போயிருக்கிறார். நௌங்சோவுக்கும் ஜௌக்மேக்கும் நடுவில் கோத்வின் பள்ளத்தாக்கு. ரயிலில் போகிறவர்கள் 1901இல் கட்டிய பெரிய இரும்புப் பாலத்தைப் பார்த்து போட்டோ எடுப்பார்கள், லாரிக்காரர்களுக்கு அந்த அழகெல்லாம் கிடையாது, ஒரு பக்கம் கொண்டை ஊசி வளைவுகளில் அடிவரைக்கும் இறங்கி மறுபக்கம் அதேபோல் ஏறவேண்டும். ஒரு மேடு ஏற எந்த கியர் வேண்டுமோ அதே கியரில்தான் அதை இறங்கவேண்டும், இறங்க ஆரம்பித்த பிறகு கியர் மாற்றுகிறேன் என்று நியூட்ரலில் விழுந்தால் திரும்பக் கியர் விழாது, அப்புறம் பிரேக்கை நம்பி மட்டும்தான் உயிர். லோடு வண்டியில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் காய்ந்து பிடிக்காமல் போகும். அதற்காகத்தான் அந்த வழியில் ஓடும் வண்டிகளில் மேலே தண்ணீர்த் தொட்டி வைத்து, குழாய் விட்டு, சக்கரத்தில் சொட்ட விடுவார்கள். அங்கேதான் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள் என்பார் அப்பா. தண்ணீர் இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே சொட்ட ஆரம்பிக்கவேண்டும். டிரம் பழுத்த பிறகு வாளியால் ஊற்றினால் வெடித்துவிடும், அடுப்பில் காய்ந்த வெறும் சட்டியில் பச்சைத்தண்ணி ஊற்றின மாதிரி.

மூசேயில் ஒரு தடவை 105 மைல் எல்லைச் சாவடியில் நாலு நாள் வரிசை. தர்பூசணி பொறுக்குமா? ஐந்தாம் நாள் வண்டிக்கு அடியில் சிவப்பாக ஒழுகியதாம். பழத்துக்காரர் வாடகை தரமாட்டேன் என்றார், அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் காசும்தானே ஒழுகிப் போனது. டீசல் போட்டது அப்பா, டோல் கட்டியது அப்பா. அதற்குப் பிறகு பழ லோடு என்றால் பாதி வாடகை ஏற்றும்போதே கையில் வரவேண்டும், எல்லையில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று முன்னாலேயே பேசியிருக்கவேண்டும், ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு ஒரு கும்பிடு. அந்தப் பேச்சை ஒரு தாளில் எழுதிப் பழத்துக்காரரிடம் கையெழுத்து வாங்கும் பழக்கம் நான் சொல்லி வந்தது, இதில் எனக்கு இன்னும் கொஞ்சம் பெருமை உண்டு.

டீசலிலும் இதே கதைதான். 2005 அக்டோபரில் ஒரே ராத்திரியில் அரசு விலை எட்டு ஒன்பது மடங்கு ஏறியது. 2007 ஆகஸ்ட் 15ஆம் தேதி டீசல் கேலன் 1,500 கியாட்டிலிருந்து 3,000 ஆயிற்று, முன்னறிவிப்பு ஒன்றும் இல்லை. அன்று அப்பா மோன்யுவாவில் பழைய விலைக்கு வாடகை பேசி மூட்டை ஏற்றிவிட்டார். லோடு ஏற்றிய எங்கள் வண்டி ஒரு கேலனுக்கு ஏழு எட்டு மைல்தான் ஓடும், கணக்குப் போட்டால் அந்த ட்ரிப் முழுக்கக் கைக்காசில் ஓட்டினது. பேசிய பேச்சை மாற்றமாட்டேன் என்று கொண்டுவந்து இறக்கினார். வியாபாரி ஒரு கியாட் கூட்டித் தரவில்லை. நான் அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை. இப்போதும் அது முட்டாள்தனம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அடுத்த மூன்று வருஷம் எங்களுக்கு லோடு இல்லாத வாரமே இல்லை, கேட்டில், அதாவது லாரி புக்கிங் ஆபீஸில், நம்பி ஏற்றலாம் என்று முதலில் வந்த பெயர் அப்பாவுடையது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்கு உறுதியில்லை.

காசு விஷயத்தில் அவருக்கு ஒரு பெரிய பயம் இருந்தது. 1987 செப்டம்பர் 5ஆம் தேதி, எனக்கு ஏழு வயது, 25, 35, 75 கியாட் நோட்டுகள் இனி செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள், மாற்றியும் தரமாட்டார்கள். அப்பா அன்று பியின்மனாவில், இடுப்பில் வாடகைப் பணம் முழுக்க 75ம் 35மாக. கையில் இருந்தது காகிதம். வழக்கமாகச் சாப்பிடும் டீக்கடை அம்மா எதுவும் கேட்காமல் சோறு போட்டு, காசு அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். டீசலுக்கு ஸ்டெப்னி டயரை விற்றுத்தான் ரங்கூன் வந்து சேர்ந்தார். அந்த டயர் விற்றது அவர் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு மிச்சம் வந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் தங்கம், மற்றதெல்லாம் டயர். எங்கள் வீட்டில் மற்றவர்கள் வீட்டு நெல்குதிர் மாதிரி கட்டிலுக்குக் கீழே டயர் இருந்தது, நாங்கள் ரப்பர் வாசனையில்தான் தூங்கினோம். தங்கம் சரிதான். டயரில் அவர் கணக்குத் தப்பு, ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும், அப்படி எட்டு வருஷம் கிடந்த ஒன்றை மாட்டி மெய்த்திலா வெயிலில் அது வெடித்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் தலைமுறைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடையாது, அறுபதுகளின் நடுவில் எல்லாப் பள்ளிக்கூடமும் அரசாங்கத்துக்குப் போய்விட்டது. நான் கோயிலில் சாயங்கால வகுப்பில் தமிழ் படித்தேன். அப்பாவுக்கு அதுவும் வாய்க்கவில்லை, வழியில் தானே எழுதவேண்டி வந்தால் தமிழை பர்மிய எழுத்தில் எழுதுவார். "டயர் ரெண்டு", "பையனுக்குச் செருப்பு", "அம்மனுக்கு எண்ணெய்" எல்லாம் வட்ட வட்டமான பர்மிய எழுத்தில். வீட்டுக்கு வந்ததும் நான் அதைப் பிரித்து மூன்று பத்தியாக எழுதவேண்டும், ட்ரிப்புக்கு வந்தது, ட்ரிப்புக்குப் போனது, வண்டிக்கு எடுத்துவைத்தது. மூன்றாவதில்தான் உயிர். டயர் தேய்மானம், எண்ணெய் மாற்றுவது, கிளச் பிளேட், இதெல்லாம் செலவு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் வண்டியை விற்றுத்தான் செலவு பார்த்தார்கள். ட்ரிப் லாபத்தில் நாலில் ஒரு பங்கு வண்டிக்கு, அது கல்யாணம் என்றாலும் காதுகுத்து என்றாலும் தொடக்கூடாது.

மிச்சத்தை என்ன செய்வது என்று அவர் தானாக முடிவு செய்ததில்லை. வந்து, குளித்து, தாழ்வாரத்தில் உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்து "முன்னாடி என்ன வருது?" என்று கேட்பார். அம்மா சொல்வாள், கூரை ஒழுகுது, சின்னவனுக்குப் பள்ளிக்கூடம் திறக்குது, பெகுவில் அத்தை மகளுக்கு வளைகாப்பு, எதிர்வீட்டுக்கு மொய் பாக்கி. மாதத்தில் ஐந்தாறு நாள்தான் வீட்டில் இருக்கிறவருக்கு வீட்டில் எதிரே வருவது தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டார். எங்கள் தெருவில் வேறு இரண்டு லாரி வீடுகள் உண்டு, அங்கே அப்பா வந்தாலே அதட்டல், சண்டை, பிள்ளைகள் அவர் எப்போது கிளம்புவார் என்று காத்திருக்கும். நாங்கள் அப்படிக் காத்திருந்ததில்லை.

போன் இல்லாத காலம். 2000களில் ஒரு சிம் கார்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும், 2014இல் 1,500 கியாட்டுக்கு வந்தபோது அப்பா கிட்டத்தட்ட ஓய்வு பெறும் வயது. அதற்கு முன் செய்தி எல்லாம் கேட் வழியாகத்தான். எதிரே வருகிற தெரிந்த வண்டியிடம் சொல்லி அனுப்புவார், அவர் பெயின்னௌங்கில் சொல்வார், அங்கிருந்து ஒரு பையன் சைக்கிளில் இன்செயினில் எங்கள் வீட்டுக்கு வந்து "உங்கப்பா மெய்த்திலா தாண்டிட்டாரு" என்பான். அந்தச் செய்தி வரும்போது அப்பா அநேகமாகத் தெருமுனையில் இருப்பார். வருஷத்தில் ஒரு தடவைதான் கட்டாயம் இருப்பார், திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவுக்கு நாடே படுத்துவிடும், லாரி ஓடாது, சித்திரை ஒன்றும் அதோடு வந்துவிடும். என் ஞாபகத்தில் அப்பா என்றாலே மாங்காய்ப் பச்சடி வாசனையும் தெருவில் ஈரமும்தான்.

புதுசாக வண்டி வாங்கியபோது ரங்கூனுக்கு வெளியே ஷ்வேன்யாங்பின் ஆலமரத்து நாட், அதாவது காவல் தெய்வக் கோயிலுக்குக் கொண்டுபோய், எல்லா டிரைவர்களும் செய்கிற மாதிரி வண்டியை மூன்று தடவை முன்னும் பின்னும் நகர்த்தி வணங்கவைத்து, கண்ணாடியில் தப்பியே இலைக் கொத்தைக் கட்டினார்கள். திரும்பி வந்ததும் அம்மா எங்கள் அம்மன் கோயில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். இரண்டு பக்கமும் இன்ஷூரன்ஸ் என்பார் அப்பா.

இப்போது நாங்கள் செய்த தப்பு. அந்த ஹினோவை 1996இல் ஒரு வியாபாரியிடம் தவணையில் வாங்கினார். இங்கே வண்டிக்கு ஓனர் புக் என்று ஒன்று உண்டு, பெயர் மாற்றச் செலவு அதிகம் என்று புக்கை மட்டும் கைமாற்றிக்கொண்டு பல பேர் ஓட்டுவார்கள். அப்பாவும் அப்படித்தான். அந்தப் புக்கில் இருந்தது விற்ற வியாபாரியின் பெயர்கூட இல்லை, அவருக்கும் முன்னால் வைத்திருந்தவர். இருபது வருஷம் எங்கள் சோறு அந்த வண்டி, காகிதத்தில் அது எங்கள் வண்டியே இல்லை.

இதோடு இன்னொன்று. அப்பாவுக்குப் பெயர் மூன்று. கோயிலிலும் கல்யாணப் பத்திரிகையிலும் தமிழ்ப் பெயர், லைசென்ஸில் பர்மியப் பெயர், 66/6 குடும்பப் பட்டியலில் அந்த பர்மியப் பெயரையே வேறு எழுத்தில் யாரோ எழுதிவைத்தது. நம்மில் வீட்டுக்கு வீடு இப்படித்தான், உயிரோடு இருக்கும்போது இது சிரிப்பு. இறந்த பிறகு மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நான் ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்கு நடந்தேன். வார்டு ஆபீஸ் கடிதம், சாட்சி இரண்டு பேர், நோட்டரி, மறுபடியும் கடிதம். வண்டி 14 மாதம் நின்றது. கடைசியில் பழைய ஓனரின் மகனைக் கேட் கேட்டாக விசாரித்துக் கண்டுபிடித்தது மெய்த்திலாப் பையன்தான், அந்த மகன் நல்ல மனுஷன், கையெழுத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் வாங்கிக்கொண்டார். அதற்குள் வண்டி பாதி விலைக்குப் போய்விட்டது.

அம்மா எதிரே வந்த எல்லாவற்றையும் பார்த்துச் சொன்னவள்தான். இதை மட்டும் அவளிடம் அவர் காட்டவே இல்லை, ஓனர் புக் சீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையில் இருந்தது, வீட்டுக்குள் வரவில்லை. உங்கள் வீட்டில் இந்த வாரமே ஒரு நாள் உட்கார்ந்து அடையாள அட்டை, குடும்பப் பட்டியல், லைசென்ஸ், ஓனர் புக் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். சரிசெய்ய வேண்டிய ஆள் உயிரோடு இருக்கும்போது அது ஒரு நாள் வேலை, அல்லது ஒரு வார வேலை.

உடம்பும் அப்படித்தான் போயிற்று. முதுகுவலி, முழங்கால்வலிக்கு ரோட்டோர மருந்துக்கடைகளில் ஐந்தாறு மாத்திரைகளைப் பேர் இல்லாத சின்னப் பையில் கலந்து கட்டித் தருவார்கள், எல்லா டிரைவரும் சாப்பிடுவார்கள், உடனே கேட்கும். இருபது வருஷம் சாப்பிட்டார். அதோடு அடிக்கடி நிறுத்தவேண்டாம் என்று தண்ணீர் குடிக்கமாட்டார், தூக்கத்துக்கு வெற்றிலைதான், வாய் எப்போதும் சிவப்பு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தது 2014இல்தான் தெரிந்தது. சிறுநீரகத்தைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது, "வலி மாத்திரை எத்தனை வருஷமா?" கடைசி ஒன்றரை வருஷம் வாரம் இரண்டு டயாலிசிஸ், சேர்த்துவைத்த தங்கம் அதில் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு வாடகை வண்டியில் போவது அவருக்குப் பிடிக்காது, மெய்த்திலாப் பையன் லோடு இல்லாத நாளில் யாரிடமாவது கார் கடன் வாங்கி வருவான். அப்பா இடப்பக்கம் உட்காருவார். கண் சரியாகத் தெரியாது, இருந்தும் தலையை நீட்டிப் பார்த்து "யடே" என்பார், அவன் "சரி சயா" என்று சொல்லிவிட்டுத் தானும் எட்டிப் பார்த்துக்கொள்வான்.

அவன் இப்போது பன்னிரண்டு சக்கர வண்டி ஓட்டுகிறான். 2017 ஆகஸ்டில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு அளவு கட்டியபோது அவனுக்கும் எங்கள் கடைக்கும் சேர்ந்தே அடி. 2023 அக்டோபருக்குப் பிறகு மூசே ரோடு ஓட்டமே நின்றுபோனது. 2025 மார்ச் 28ஆம் தேதி நிலநடுக்கத்தில் 1934இல் கட்டிய ஆவா பாலம் ஆற்றில் விழுந்த படத்தை எனக்கு அனுப்பினான். கீழே ஒன்றும் எழுதவில்லை. அப்பாவின் நோட்டில் அந்தப் பாலத்தைத் தாண்டியபோதெல்லாம் ஒரு சின்னக் கோடு போட்டிருப்பார், பல வருஷம் கோடு கோடாக, ஏன் என்று நான் கேட்டதில்லை.

2018இலிருந்து வெளியிலிருந்து வரும் கார்கள் இடது ஸ்டியரிங்காக இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. என் தம்பி அடுத்த வருஷம் ஒன்று வாங்கினான். முதல் நாள் அம்மாவை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனோம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. வழக்கப்படி முன்சீட்டில் அவள்தான், ஆனால் இப்போது அது வலது பக்கம், ரோட்டோரம். ஒரு பஸ் முன்னால் போனது. அம்மா கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள், இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், சாக்கடையும் டீக்கடை பெஞ்சும்தான் தெரிந்தது. தம்பி அதற்குள் பஸ்ஸைத் தாண்டிவிட்டான்.

"டேய், நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.